கழற்றிப் பூட்டும் கூரை: காற்றிரைச்சலும் கசிவும்

இந்த அத்தியாயம் கூரையைக் கழற்றிப் பூட்டக்கூடிய ஜீப் வகை வண்டிகளுக்கானது. லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகள், கான்வஸ் ஹூட் போட்ட பழைய வில்லிஸ், மஹிந்திரா, மிட்சுபிஷி ஜீப்புகள், பைபர் கிளாஸ் கூரை ஏற்றிய சுசுக்கிகள் எல்லாம் இதில் அடங்கும். திருகோணமலையில் இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு ஆண்டில் இரண்டு வேலை உண்டு. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து தை மாதம் முடியும்போது கூரையைக் கழற்ற வேண்டும். அடுத்த ஐப்பசி மழை தொடங்குமுன் அதைத் திரும்பப் பூட்ட வேண்டும். கழற்றுவது அரை மணி நேர வேலைதான். பூட்டிய பிறகுதான் நிலாவெளிப் பாதையில் காதருகே விசிலடிக்கிறது, முதல் மழையில் முழங்காலில் சொட்டுகிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஆண்டுகளில், ஓடுகிற பழைய வண்டியை ஓட வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அவசரத்துக்குக் கூரை விளிம்பெங்கும் சிலிக்கன் பூசிவிட்ட ஜீப்புகள் இன்னும் ஓடுகின்றன. அந்தச் சிலிக்கனை நான் வெறுக்கிறேன். கழற்றும் கூரையை அது கழற்ற முடியாத கூரையாக்கிவிடும். இரைச்சலையும் பெரும்பாலும் நிறுத்தாது. கூரையில் காற்று ஒழுகினால் முதலில் பொருத்தத்தைப் பார்க்க வேண்டும். ரப்பர் அதற்கு அடுத்தது. பசை கடைசி, அதுவும் தேவைப்பட்டால் மட்டும்.

காற்று வெளியே, தண்ணீர் உள்ளே

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வண்டி ஓடும்போது காற்று முன்கண்ணாடியில் மோதி, அதன் மேல் விளிம்பைத் தாண்டிக் கூரைமேல் விரைந்து பாய்கிறது. விரையும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அதனால் கூரையின் முன் விளிம்பிலும் கதவுகளின் மேல் விளிம்பிலும் வெளிக்காற்று உள்ளே தள்ளுவதில்லை. உள்ளிருக்கும் காற்றைத்தான் வெளியே உறிஞ்சுகிறது. கான்வஸ் ஹூட் ஓட்டத்தில் மேல்நோக்கி உப்புவதும் இதனால்தான். உறிஞ்சல் கூடக்கூட ரப்பர் தன் இருக்கையிலிருந்து தூக்கப்படும், இடைவெளி அகலும், சத்தம் பெருகும்.

மணிக்கு 70 கிலோமீற்றரில் முன்கண்ணாடியில் விழும் காற்றழுத்தம் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 23 கிலோ எடைக்குச் சமம். அதே வேகத்தில் மணிக்கு 30 கிலோமீற்றர் வாடை நேரெதிரே வீசினால் அது 47 கிலோவாகும். சத்தம் இன்னும் வேகமாக ஏறும். விளிம்புகளில் மோதி எழும் காற்றொலியின் ஆற்றல் வேகத்தின் ஆறாம் அடுக்கோடு கூடுகிறது. 35 கிலோமீற்றரில் இருந்த ஒலி 70இல் 64 மடங்கு ஆற்றல் பெறும், அதாவது 18 டெசிபெல் உயரும். உவர்மலைச் சந்தியில் மெதுவாக ஓடிப் பார்த்துவிட்டு “சத்தமே இல்லை” என்று கராஜ்காரர் சொல்வது பொய்யில்லை. அந்த வேகத்தில் சத்தம் இராது.

தண்ணீர் வேறு வழியில் வருகிறது. நிறுத்திய வண்டியில் அது தன் எடையால் இறங்கும். மெல்லிய இடுக்குகளில் பக்கவாட்டிலும் ஊர்ந்து செல்லும். ஒரு போல்ட் துளையில் நுழைந்த நீர் கூரையின் உட்புற மடிப்பு வழியே ஓடி, இரண்டடி தள்ளிச் சொட்டக்கூடும். ஆகவே விசிலடிக்கும் இடத்தை அடைத்துவிட்டு மழைக்கசிவும் நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டையும் தனித்தனியே தேடுங்கள்.

பின்பக்கம் பற்றி ஒரு எச்சரிக்கை. வண்டிக்குப் பின்னால் காற்று சுழன்று அழுத்தம் குறைந்து நிற்கும். புகைக்குழாய் அங்குதான் வாய் திறந்திருக்கிறது. பின் திரையைச் சுருட்டிவிட்டு முன் ஜன்னல்களை மூடி ஓட்டினால் எஞ்சின் புகை பின்வழியாக உள்ளே இழுக்கப்படும். அதில் கார்பன் மோனொக்சைட்டு இருக்கும். அதற்கு மணம் கிடையாது. பின் பெஞ்சில் பிள்ளைகள் உட்காரும் வண்டியில் இதை இரைச்சல் பிரச்சினையாக எண்ணக்கூடாது. பின் திரையையும் பின் கதவின் ரப்பரையும் முன்னதைவிடக் கவனமாகச் சீர்செய்யுங்கள். ஓடும்போது முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுக் கதவைத் திறந்து வையுங்கள். உள் அழுத்தம் சற்றுக் கூடினால் புகை உள்ளே வரத் தயங்கும். பிள்ளைகளுக்குத் தலைவலி, குமட்டல் என்றால் வெயிலைக் குறை சொல்லாமல் உடனே நிறுத்தி வண்டியைத் திறந்துவிடுங்கள்.

சத்தத்தைக் கேட்டு இனம் காணுதல்

ஒரே சுருதியில் நிற்கும் கூர்மையான விசில் என்றால் எங்கோ ஒல்லியான, விளிம்பு கூரான இடைவெளி இருக்கிறது. நாணயத்தின் தடிப்புக்கூட இராத சந்து போதும். சீறல் அல்லது இரைச்சல் என்றால் ரப்பர் நீளமாகப் படியாமல் கிடக்கிறது. படபடப்பு கான்வஸ் தளர்ந்திருப்பதன் அடையாளம்.

காதை அமுக்கி விடுவது போன்ற ஆழமான துடிப்பு கசிவே அல்ல. ஒற்றை ஜன்னலோ பின் திரையின் ஒரு பாதியோ திறந்திருக்கும்போது வண்டியின் உள்வெளி முழுவதும் காற்றால் அதிர்கிறது. வாய் குறுகிய போத்தலின் விளிம்பில் ஊதும்போது அது முனகுவதும் இதே காரணத்தால்தான். எதிர்ப்பக்க ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்தால் துடிப்பு அடங்கும். இதற்காக ரப்பர் மாற்றிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கூரைமேல் கரியர் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓடிப் பாருங்கள். 25 மி.மீ. உருளைக் கம்பி 70 கிலோமீற்றரில் விநாடிக்கு ஏறக்குறைய 155 அதிர்வில் முனகும். கூரை அந்த முனகலை உள்ளே இறக்கும். கசிவு என்று நினைத்துத் தேடியது கடைசியில் கரியராக முடிவது அரிதல்ல. கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய நைலோன் கயிற்றைச் சுருளாகச் சுற்றிக் கட்டினால் முனகல் குறையும். காற்றுச் சுழல்கள் ஒரே தாளத்தில் பிரிவதை அந்தச் சுருள் குலைத்துவிடும்.

இடத்தைக் கண்டுபிடித்தல்

மாஸ்கிங் டேப் ஒரு சுருள் வாங்குங்கள். கூரையும் முன்கண்ணாடியும் சேரும் கோடு, கதவுகளின் மேல் விளிம்பு, பக்கக் கண்ணாடிகள், கூரையும் பக்கத் தகடும் சேரும் மடிப்பு எல்லாவற்றையும் வெளியிலிருந்து ஒட்டி மூடுங்கள். ஓட்டுநர் ஏறியபின் அவருடைய கதவை உள்ளிருந்து ஒட்டினால் போதும், அவசரத்தில் கதவு திறக்க வேண்டும். பிறகு ஒரே பாதையில், ஒரே வேகத்தில், ஒவ்வொரு துண்டாக உரித்துக்கொண்டே ஓடுங்கள். எந்தத் துண்டை உரித்ததும் சத்தம் திரும்புகிறதோ அதுதான் இடம். எல்லாம் ஒட்டியும் சத்தம் குறையவில்லையா? அது கூரையிலிருந்து வரவில்லை. பின்பார்வைக் கண்ணாடி, அன்ரெனா, கரியர் பக்கம் பாருங்கள்.

ஓட்டுகிறவர் காது கொடுக்கக்கூடாது. அவர் வேலை வீதியைப் பார்ப்பது. கேட்பதற்கு இன்னொருவர் வேண்டும். அவர் கையில் ஒரு முழ நீளத் தோட்டக் குழாய்த் துண்டு இருக்கட்டும். ஒரு முனை காதில், மறு முனை விளிம்போரம்.

பாதைத் தெரிவும் முக்கியம். உப்புவெளி தாண்டி நிலாவெளி, குச்சவெளி நோக்கிச் செல்லும் பாதை கடலோரமாக ஓடுவதால் மாரியில் வாடை வலப்புறமாக வந்து விழும். திரும்பி வரும்போது அதே காற்று இடப்புறம். போகும்போது மட்டும் சத்தம் என்றால் வலப்புறக் கதவையும் கூரையின் வலப்பக்க மடிப்பையும் மட்டும் தேடினால் போதும். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். இரு புறமும் நீர் விரிவதால் பக்கக்காற்றுக்கு மறைப்பு இல்லை. நிறுத்தாமல் ஒரு முறை கடந்தாலே காது சொல்லிவிடும். கந்தளாய், ஹபரணைப் பக்கம் ஏ6 வீதியைச் சோதனைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். மாலைக்குப் பின் யானை குறுக்கிடும் பாதையில் சத்தத்தைக் கவனித்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்து.

வண்டியை நிறுத்தி வைத்துச் செய்யும் சோதனைகள் இரண்டு போதும். ரப்பருக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு கடதாசித் துண்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையோடு வந்தால் ரப்பர் படிகிறது, தானாக வழுக்கி வந்தால் படியவில்லை. ஒரு சாண் இடைவெளியில் விளிம்பு முழுதும் இதைச் செய்யுங்கள். அடுத்து ரப்பரில் முகப்பவுடர் தூவி, கூரையை இறக்கிப் பூட்டித் திரும்பத் தூக்குங்கள். எதிர்ப்பக்கத்தில் பவுடர் படாத இடம் தொடாத இடம். பவுடர்ச் சோதனை உழைப்பு கூடியது, ஆனால் கூரை எங்கே கோணியிருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

பூட்டும் வரிசை

லேண்ட் ரோவரை எடுத்துக்கொள்வோம். 1948இல் வெளிவந்ததிலிருந்து 1985இல் சீரிஸ் 3 நிற்கும்வரை அதன் அமைப்பின் அடிப்படை மாறவில்லை. முன்கண்ணாடிச் சட்டம் கீழே இரண்டு பிணைச்சல்களில் நிற்கிறது, முன்னோக்கி மடிக்கலாம். அதன் தலையில் கூரை வந்து அமர்கிறது. கூரைக்குக் கீழே பக்கத் தகடுகள். கதவின் மேற்பாதி தனித் துண்டு. கீழ்ப்பாதியோடு போல்ட்டால் சேர்கிறது. எல்லாமே கழற்றக்கூடியவை. ஆகவே ஒன்று கோணினால் எல்லாம் கோணும்.

முதலில் முன்கண்ணாடி. பிணைச்சல் போல்ட்டுகள் தளர்ந்தோ தேய்ந்தோ இருந்தால் சட்டம் ஒரு பக்கம் சாயும். அதன்மேல் எந்தக் கூரையும் ஒழுங்காக உட்காராது. சட்டத்தின் கீழ் ரப்பரையும் இப்போதே பாருங்கள், மழையில் காலில் சொட்டும் நீர் பெரும்பாலும் அந்த வழிதான். அதற்கும் கீழே இருக்கும் இரண்டு காற்றுக் கதவுகளின் ரப்பர் காய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

அடுத்து கூரை. இருவர் தூக்கி வைத்து எல்லாப் போல்ட்டுகளையும் கையால் மட்டும் ஏற்றுங்கள். ஒன்றையும் இறுக்க வேண்டாம். முன் விளிம்பு நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறிமாறி, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். ஒரு மூலையை முதலில் இறுக்கிவிட்டால் எதிர்மூலை தூக்கும். பிறகு அங்கே இரட்டை ரப்பர் வைத்து ஈடுகட்டுவார்கள். அந்த இரட்டை ரப்பர்தான் அடுத்த ஆண்டின் விசில்.

கதவுகள் கடைசி. கதவின் மேற்பாதி வெளிப்புறம் சாய்ந்திருந்தால் புதிய ரப்பர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் 50 கிலோமீற்றரில் காற்று அதைப் பிரித்துவிடும். போல்ட்டைத் தளர்த்தி, அடியில் மெல்லிய வாஷர் வைத்து, மேல் விளிம்பு உள்நோக்கி மிக இலேசாகச் சாயும்படி அமைத்து இறுக்குங்கள். இழுத்து நகர்த்தும் கண்ணாடிகளின் பள்ளத்தில் இருக்கும் ஃபெல்ட் தேய்ந்திருந்தால் கண்ணாடி அதிரும். அது காற்றொலி என்று தவறாகத் தோன்றும்.

ரப்பர்

கூரைக்கும் கதவுக்கும் வைக்கும் ரப்பர் பீடிங்கைக் கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் அளவு சொல்லி வாங்கலாம். ஈ.பி.டி.எம். ரப்பர் என்று கேளுங்கள். இயற்கை ரப்பர் விலை குறைவு, ஆனால் வெயிலும் ஓசோனும் அதன் மேற்பரப்பை வெடிக்கச் செய்யும். ஈ.பி.டி.எம். வெயிலையும் ஓசோனையும் தாங்கும். மண்ணெண்ணெய், கிரீஸ், டீசல் பட்டால் மட்டும் ஊதிப்போகும். ஆகவே பளபளப்புக்காக டீசல் பூசுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். சோப்புநீரால் கழுவி, காயவிட்டு, சிலிக்கன் ஸ்பிறே ஒரு துணியில் தெளித்துத் துடைத்தால் போதும். ஒட்டவிருக்கும் இடத்தில் மட்டும் அது படவே கூடாது.

ஸ்பொஞ்ச் ரப்பர் வாங்குவதாக இருந்தால் நீரில் அமிழ்த்திப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் உறிஞ்சுவது வேண்டாம். மூடிய நுண்ணறை கொண்டது வேண்டும். தடிப்பைக் கண்ணளவில் தெரிவு செய்யாதீர்கள். இடைவெளியில் கொஞ்சம் களிமண் வைத்துக் கூரையை இறக்கி எடுத்து, நசுங்கிய களிமண்ணை அளந்து பாருங்கள். இடைவெளி 8 மி.மீ. என்றால் 12 மி.மீ. ஸ்பொஞ்ச் சரி. மூன்றில் ஒரு பங்கு அழுந்தினால் ரப்பர் தள்ளிப் பிடிக்கும். பாதிக்கு மேல் அழுந்தினால் சில மாதங்களில் தட்டையாகி மீளாது.

ஒட்டும்போது இழுக்காதீர்கள். இழுத்து ஒட்டிய ரப்பர் வெயிலில் சுருங்கித் தன் பழைய நீளத்துக்கு வரும். மூலைகளில் வாய் திறக்கும். சற்றுத் தள்ளி நெருக்கி ஒட்டுங்கள். இரு முனைகள் சேரும் இடம் முன் விளிம்பிலோ மூலையிலோ வரக்கூடாது. பின்புற நடுவில், 45 பாகைச் சரிவாக வெட்டிச் சேருங்கள். இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். கச்சான் வீசும் காய்ந்த மாதங்களில் இந்த வேலையைச் செய்வது நல்லது. மழைக்கால ஈரத்தில் ஒட்டியது உரியும். கச்சானில் புழுதி பறக்கும், ஆகவே பசை பூசியதும் ஓரமாகக் கொட்டிலுக்குள் வைத்துவிடுங்கள்.

பட்டி வைத்து இடைவெளியை அடைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2 மீற்றர் அலுமினியக் கூரை விடியலிலிருந்து மதியம்வரை 40 பாகை சூடேறினால் ஏறக்குறைய 1.8 மி.மீ. நீளும். அதே நீள இரும்பு 1 மி.மீ. அளவே நீளும். வித்தியாசம் அன்றாடம் வந்து போகும். பட்டி இதைத் தாங்காது, வெடித்துவிடும்.

உப்பு

உள்துறைமுகத்தைச் சுற்றியுள்ள வீடுகளிலும் நிலாவெளிக் கரையிலும் நிற்கும் வண்டிகளில் உப்பு எப்போதும் ஒட்டியிருக்கும். லேண்ட் ரோவரின் கூரை அலுமினியக் கலவை, முன்கண்ணாடிச் சட்டம் இரும்பு. உப்பு ஈரத்தில் இரண்டும் தொட்டால் மின்னரிப்பு தொடங்கும். அலுமினியம் வெண்பொடியாக உதிரும், துளை அகலும், போல்ட் ஆடும், ரப்பர் அழுத்தம் இழக்கும். இந்தக் கரையில் பல கசிவுகளின் வேர் இதுவே. ஒவ்வொரு போல்ட்டுக்கும் தலையின் கீழே பிளாஸ்டிக் வாஷர் வையுங்கள். இரு உலோகங்களும் சேரும் முகத்தில் ரப்பர்ப் பட்டை இருக்க வேண்டும். துருப்பிடிக்காத உருக்குப் போல்ட் நல்லதுதான், ஆனால் அதுவும் அலுமினியத்தை அரிக்கும். வாஷர் இல்லாமல் போடாதீர்கள்.

சிலிக்கன் தவிர்க்கவே முடியாத இடம் ஒன்றிரண்டு உண்டு: தகடுகளின் நிரந்தர மடிப்பு, ஆணித் தலைகள். அங்கும் வினாகிரி மணம் வீசுகிற வகையை வாங்காதீர்கள். காயும்போது அது விடும் அமிலம் இரும்பையும் நாகப் பூச்சையும் அரிக்கும். உலோகத்துக்குரிய, மணமற்ற வகை கேட்டு வாங்குங்கள்.

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் விளிம்புகளைக் கழுவுங்கள். செலவில்லாத இந்த வேலையைச் செய்தவரின் கூரை நீண்ட காலம் நிற்கும்.

கான்வஸ் ஹூட்

கான்வஸில் முன் விளிம்பே எல்லாம். அது முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் வெறுமனே கிடந்தால் காற்று அடியில் புகுந்து உயர்த்தும். பள்ளத்தில் செருகியோ கொக்கியால் கீழிழுத்தோ அது பிடிக்கப்பட வேண்டும். முன் விளிம்பை முதலில் பூட்டி, பின்பக்கம் இழுத்து, பக்கங்களைக் கடைசியில் கட்டுங்கள். ஹூட் கம்பி வளைந்திருந்தால் துணி எவ்வளவு இழுத்தாலும் அந்த இடத்தில் படபடக்கும், கம்பியை நேராக்குங்கள். கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் வார்ப்பட்டை போட்டால் துணி உப்புவது குறையும்.

பருத்திக் கான்வஸ் நனையும்போது இறுகும், காய்ந்ததும் தளரும். ஆகவே புதிய ஹூட்டை ஒருமுறை நனைத்துக் காயவிட்டே இறுதிக் கட்டு கட்டுங்கள். ரெக்சினுக்கு இது தேவையில்லை. தையல் துளைகளில்தான் நீர் நுழையும். மடிப்புத் தையலாகப் போடச் சொல்லி, வெயில் மழை தாங்கும் தடிப்பான நூல் கேளுங்கள். முச்சக்கர வண்டிக்கு ஹூட் தைக்கிற குஷன் கடைக்காரருக்கு இந்த வேலை கைவந்தது. பழைய ஹூட்டை வார்ப்புருவாகக் கொடுங்கள், ஆனால் அது தளர்ந்து நீண்டிருக்கும் என்பதையும் சொல்லுங்கள். அப்படியே வெட்டினால் புதியதும் தளர்ந்தே பிறக்கும்.

நீர்ச் சோதனை

குழாயை மெல்லத் திறந்து, கீழிருந்து தொடங்குங்கள். முன்கண்ணாடியின் அடி, கதவின் நடு, கதவின் மேல், கூரை மடிப்பு, கூரைத் தலை என்று ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் கைவிளக்கோடு பார்க்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனையும், எது ஓட்டை என்று தெரியாது. அழுத்தமாகப் பீச்சும் கழுவு இயந்திரம் நல்ல ரப்பரையும் தள்ளித் திறக்கும். அதனால் வந்த கசிவைக் கசிவாகக் கணக்கிடாதீர்கள்.

கழற்றிய கூரையை வைக்கும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிலத்தில் போட்டால் ரப்பர் கூரையின் எடையில் நசுங்கும். சுவரில் சாய்த்தால் பைபர் கிளாஸ் வளையும். நான்கு மூலைகளிலும் உலோகம் தாங்கும்படி மரக்கட்டை வைத்து, ரப்பர் எதிலும் படாமல் தட்டையாக வையுங்கள். பவுடர் தூவி, வெயில் படாமல் துணியால் மூடுங்கள். போல்ட்டுகளை எடுத்த இடத்தின் பெயர் எழுதிச் சிறு பைகளில் கட்டிக் கூரையோடே விடுங்கள். நீளம் மாறிய ஒரு போல்ட் அடியில் முட்டி நின்றால் இறுகியது போலத் தெரியும், கூரை இறுகியிராது.